வரிக்குறைப்பு யார் பைக்குள் போகிறது?

4 மார்ச், இரவு 9:12 (கேள்வி)

ஒரு பொருளின் மேல் இருக்கும் வரியை அரசு குறைத்தால் விலையும் அதே அளவுக்குக் குறைய வேண்டியதுதானே? இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. குறையவில்லை என்றால் கடைக்காரர் திருடுகிறார் என்று அர்த்தம். இதில் பொருளாதார ஆய்வாளர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஆராய என்ன இருக்கிறது?

4 மார்ச், இரவு 10:05

நிறையவே இருக்கிறது. திருட்டு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள்.

வரியைக் கொண்டுபோய் அரசிடம் யார் கட்ட வேண்டும் என்று சட்டம் எழுதிவிடலாம். யார் தலையில் அது கடைசியாக விழும் என்று எந்தச் சட்டத்தாலும் எழுத முடியாது. விலை ஏறினால் வாங்காமல் விடக்கூடியவர், வேறு பொருளுக்குத் தாவக்கூடியவர், எல்லை தாண்டிப் போய் வாங்கக்கூடியவர் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள். நகர முடியாதவர் சுமப்பார். வாங்குபவர் நகர முடியாவிட்டால் வரி முழுவதும் விலையில் ஏறும், விற்பவர் நகர முடியாவிட்டால் அவர் லாபத்திலிருந்து போகும். பாடப்புத்தகத்தில் தேவைக்கோடு, அளிப்புக்கோடு போட்டு நடுவில் ஒரு முக்கோணம் வரைவார்களே, அதுதான். வரிச்சுமைக்கு இந்தப் படத்தை 1870களின் தொடக்கத்திலேயே வரைந்து காட்டியவர் ஃப்ளீமிங் ஜென்கின், கடலடித் தந்திக் கம்பிகள் போட்ட பொறியாளர். பொருளாதாரம் அவருக்குப் பக்கத்து வேலை.

ஆக 'முழுதாகக் குறைய வேண்டும்' என்பதே முதலில் சரியில்லை. எவ்வளவு குறையும் என்பது பொருளுக்குப் பொருள், சந்தைக்குச் சந்தை மாறும்.

5 மார்ச், காலை 7:30

ராத்திரி கோட்பாட்டோடு நிறுத்திவிட்டேன், அது வயிற்றுக்குப் போதாது. நடந்ததைப் பார்ப்போம்.

பின்லாந்து 2007 ஜனவரியில் முடிதிருத்தும் சேவைக்கான மதிப்புக் கூட்டு வரியை 22 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கியது. முடி வெட்டுவது உழைப்பு சார்ந்த தொழில், விலை குறைந்தால் ஆட்கள் அதிகம் வருவார்கள், வேலைவாய்ப்பு பெருகும் என்பது எண்ணம். துவோமாஸ் கொசோனென் இதை ஆராய்ந்தார். விலை, முழுதாகக் குறைந்திருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான் குறைந்தது. வெட்டிய தலைகளின் எண்ணிக்கை குறிப்பிடும்படி ஏறவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான், விலை மலிந்துவிட்டது என்பதற்காக முடி சீக்கிரம் வளருமா என்ன?

அடுத்தது பிரான்ஸ். 2009 ஜூலை 1 அன்று உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கான வரி 19.6 சதவீதத்திலிருந்து 5.5 ஆனது. இவ்வளவு பெரிய வெட்டு அபூர்வம். யூசெஃப் பென்சார்ட்டியும் டோரியான் கார்லோனியும் விலையோடு நிறுத்தாமல் நிறுவனங்களின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். வரிக்குறைப்பில் சுமார் 41 சதவீதம் உரிமையாளர்களின் பைக்குப் போயிருந்தது. மிச்சத்தை ஊழியர்கள், சரக்கு கொடுப்பவர்கள், வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த மூன்று பேரில் ஆகக் குறைவாகக் கிடைத்தது வாடிக்கையாளருக்கு. வேலைவாய்ப்பும் பெரிதாகக் கூடவில்லை.

5 மார்ச், காலை 8:10

'19.6லிருந்து 5.5 என்றால் விலை 14 சதவீதம் குறைந்திருக்க வேண்டும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. வரிக்கு முந்தைய விலை 100 என்றால் முன்பு பில் 119.6, பிறகு 105.5. பழைய பில்லோடு ஒப்பிட்டால் குறைவு 11.8 சதவீதம். வரி விகிதத்தில் குறைந்த புள்ளிகளை அப்படியே விலையிலிருந்து கழிப்பது எல்லோரும் செய்கிற காரியம், செய்தித் தலைப்புகள் உட்பட. வியாபாரி ஏமாற்றினாரா என்று கணக்குப் பார்க்கும்போது முதலில் நம் கணக்கு சரியாக இருக்கட்டும்.

5 மார்ச், இரவு 11:20

சரி, உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நான் சில காலம் ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தில் விலை நிர்ணயிக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம்.

வரி ஏறும்போது எங்களுக்கு வேலையே கிடையாது. கணினியில் வரி விகிதத்தை மாற்றினால் ராத்திரியோடு ராத்திரி எல்லா விலையும் ஏறிவிடும், காலையில் புது ஒட்டுச்சீட்டு. கேட்பவர்களுக்குப் பதிலும் தயார்: அரசு ஏற்றிவிட்டது, நாங்கள் என்ன செய்ய. வரி இறங்கினால்தான் கூட்டம் போடுவார்கள். பழைய சரக்கு தீரட்டும் என்று ஒருவர் சொல்வார். சரக்கு கொடுப்பவர் எப்படியும் அடுத்த மாதம் ஏற்றப்போகிறார், இப்போது இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் கெட்ட பெயர் நமக்குத்தான் என்பார் இன்னொருவர். (இரண்டாவது காரணத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. முதலாவதில் இல்லை. பழைய சரக்கை வாங்கும்போது கட்டிய வரியை, உள்ளீட்டு வரி வரவு என்று அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடிந்த இடத்தில் அது வெறும் சாக்கு.) கடைசியில் என்ன நடக்கும் என்றால், வாடிக்கையாளர் விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் கொஞ்சம் பொருட்கள் உண்டு, அவற்றை மட்டும் போட்டிக் கடைக்கு நிகராக முழுசாக இறக்குவோம். மற்ற ஆயிரக்கணக்கான பொருட்களில் விலை அப்படியே இருக்கும், அல்லது ஒப்புக்கு ஏதோ இறங்கும்.

அந்த அறையில் யாரும் தங்களைத் திருடர்கள் என்று நினைத்துக்கொள்ளவில்லை. மார்ஜின் மெலிந்து கிடந்த தொழில், மூச்சு விட ஒரு வழி கிடைத்தது என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

6 மார்ச், மதியம் 1:45

மேலே எழுதியதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய ஆய்வு ஒன்று. பென்சார்ட்டி, கார்லோனி, கொசோனென், இவர்களோடு யார்க்கோ ஹார்யு, நால்வரும் 2020இல் வெளியிட்டது. பின்லாந்தின் அந்த முடிதிருத்தும் வரி 2012இல் மறுபடி மேலே போனது, அதனால் ஒரே தொழிலில் இறக்கத்தையும் ஏற்றத்தையும் ஒப்பிட முடிந்தது. வரி ஏறும்போது விலை நகரும் அளவு, வரி இறங்கும்போது நகர்வதைப்போல இரண்டு மடங்கு. 1996 முதல் 2015 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்த மதிப்புக் கூட்டு வரி மாற்றங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தபோதும் இதே சாய்வு. சில ஆண்டுகள் கழித்தும் அது மறையவில்லை.

இதன் விளைவை நிதானமாக யோசியுங்கள். வரியைத் தற்காலிகமாக இறக்கி, பிறகு பழைய இடத்துக்கே கொண்டுபோனால் விலை பழைய இடத்துக்கு வராது, அதைத் தாண்டிப் போய் உட்காரும். இறங்கும்போது பாதி, ஏறும்போது முழுசு. வாடிக்கையாளருக்கு உதவுகிறேன் என்று ஆரம்பித்த திட்டம் அவரை முன்பு இருந்ததைவிட மோசமான விலையில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, இப்படிச் சாய்வாக நடந்துகொள்வது அதிக லாபம் பார்க்கும் நிறுவனங்களைவிடக் குறைந்த லாபத்தில் ஓடும் நிறுவனங்களிடம்தான் அதிகம். கொழுத்தவர்தான் சுருட்டுவார் என்று நாம் எதிர்பார்ப்போம். எங்கள் கூட்ட அறை நினைவுக்கு வந்தது.

6 மார்ச், மாலை 6:02

'அப்படியானால் வரியே குறைக்கக் கூடாது என்கிறீர்களா?' இல்லை ஐயா. பிரிட்டனில் 2021 ஜனவரியில் மாதவிடாய்க்காலப் பொருட்களின் மேல் இருந்த 5 சதவீத வரி எடுக்கப்பட்டது. பின்னர் வந்த ஒரு பகுப்பாய்வு, அதில் குறைந்தது 80 சதவீதம் விற்பனையாளர்களிடமே தங்கிவிட்டது என்றது. அதற்காக அந்த வரி இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வரி தவறு என்றால் எடுக்கலாம். ஆனால் விலை குறையும் என்ற வாக்குறுதியோடு எடுத்தால் அந்த வாக்குறுதியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

8 மார்ச், காலை 9:40

எனக்கே ஒரு யோசனை உறுத்துகிறது. மேலே எழுதியதை எல்லாம் சேர்த்துப் படித்தால் வரிக்குறைப்பு எப்போதுமே வாடிக்கையாளரிடம் வந்து சேராது என்பதுபோல ஒலிக்கிறது. அப்படி இல்லை.

போர்ச்சுகல் 2023 ஏப்ரலில் 46 வகை அடிப்படை உணவுப் பொருட்களின் வரியைப் பூஜ்யமாக்கியது, 2024 ஜனவரித் தொடக்கத்தில் திரும்பப் போட்டது. தற்காலிகமான வெட்டுதான். முந்தாநாள் நான் சொன்ன கணக்குப்படி இது ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் விலை முழுதாக இறங்கியது, இறங்கிய இடத்தில் நின்றது, வரி திரும்பியபோது அதே அளவுக்குத் திரும்ப ஏறியது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை.

ஏன்? என் ஊகம் இது. அரசு, உற்பத்தியாளர்கள், விற்பனையாளர்கள் மூன்று தரப்பும் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டார்கள். பட்டியல் சிறியது, எல்லோருக்கும் தெரிந்தது. விலைவாசி பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு, அதனால் எல்லோர் கண்ணும் விலைச்சீட்டின் மேல். விற்றவை பெரிய கடைத்தொடர்கள், ஒன்றுக்கொன்று போட்டி. முடிதிருத்தும் கடை அப்படியா? தெரிந்த ஆளிடம்தான் போவோம், அவர் இரண்டு சதவீதம் ஏற்றினாலும் இறக்கினாலும் வேறு ஆளைத் தேடமாட்டோம்.

எங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருந்த பொருட்களை மட்டும் இறக்கினோம் என்று எழுதினேன் அல்லவா, போர்ச்சுகல் செய்தது ஒரு பட்டியல் முழுவதையும் அப்படிப்பட்ட பொருட்களாக மாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

8 மார்ச், காலை 10:15

பெட்ரோலுக்கும் இதே கதைதானா என்று கேட்டவருக்கு: கிட்டத்தட்ட. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக் கோடையில் இலினாய், இந்தியானா மாநிலங்கள் பெட்ரோல் மீதான 5 சதவீத விற்பனை வரியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. ஜோசப் டாய்லும் கிருஸ்லெர்ட் சம்ஃபந்தாரக்கும் விலையைத் தொடர்ந்து பார்த்தார்கள். நிறுத்தியபோது 70 சதவீதம் வாங்குபவருக்கு வந்தது, திரும்பப் போட்டபோது 80 முதல் 100 சதவீதம் வரை விலையில் ஏறியது. பெட்ரோல் விலை சாலையில் ஆளுயரத்துக்கு எழுதி நிற்கிறது, அதனால் சாய்வு குறைவு. ஆனாலும் இருக்கிறது.

எல்லை பற்றி முதல் நாள் சொன்னேனே, அதற்கும் ஒரு உதாரணம். பிலடெல்பியா நகரம் 2017 ஜனவரியில் இனிப்புப் பானங்களின் மேல் அவுன்சுக்கு ஒன்றரை சென்ட் வரி போட்டது. வரி ஏறக்குறைய முழுவதும் விலையில் ஏறியது. நகருக்குள் விற்பனை 46 சதவீதம் சரிந்தது. அடடா என்று கை தட்டுவதற்குள், அந்தச் சரிவில் பாதிக்கு மேல் நகர எல்லைக்கு வெளியே இருந்த கடைகளுக்குப் போனது தெரியவந்தது. காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்திருக்கிறார்கள். அந்தக் காருக்குப் போட்ட பெட்ரோலுக்கு வரி கட்டியிருப்பார்கள் என்று நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

9 மார்ச், இரவு 8:30

பூஜ்ய வரி, வரி விலக்கு இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஒன்று இல்லை, இது தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

பூஜ்ய வரி என்றால் விற்கும்போது வரி வாங்க வேண்டாம், வாங்கிய மூலப்பொருள், வாடகை, போக்குவரத்து ஆகியவற்றுக்குக் கட்டிய வரியை அரசிடமிருந்து திரும்பப் பெறலாம். விலக்கு என்றால் விற்கும்போது வரி இல்லை, ஆனால் கட்டிய வரி கட்டியதுதான். உதாரணத்துக்கு, ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவில் 8 ரூபாய் உள்ளீட்டு வரி இருக்கிறது என்று வையுங்கள். விலக்கு கொடுத்தால் அந்த 8 ரூபாய் பில்லில் தெரியாமல் விலைக்குள்ளே புதைந்துவிடும். முன்பு 12 ரூபாய் வரியோடு விற்ற பொருளுக்கு விலக்கு என்று அறிவித்தால் நியாயமாகக் குறையக்கூடியது 4 ரூபாய்தான். மக்கள் 12 எதிர்பார்ப்பார்கள். வியாபாரி 4 குறைத்து முழு நேர்மையாக நடந்தாலும் திட்டுதான் மிச்சம். எங்களிடம் அப்படி ஒரு மாற்றம் வந்தபோது சரக்கு கொடுத்தவர்கள் அடிப்படை விலையை ஏற்றிக் கேட்டார்கள், எங்கள் மேலாளர் கத்தினார், கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் கேட்டது சரியாகத்தான் இருந்தது.

9 மார்ச், இரவு 9:05

விலைச்சீட்டில் வரியைச் சேர்த்துக் காட்டுவதும் தனியாகக் காட்டுவதும் ஒன்றுதான் என்கிறார் ஒருவர். ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி கிராஃப்ட் மூவரும் கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் சோதித்தார்கள். அங்கே அப்போது 7.375 சதவீத விற்பனை வரி பில் போடும்போதுதான் சேரும். மூன்று வாரம் சில பொருட்களுக்கு மட்டும் வரி சேர்த்த விலையையும் சீட்டில் எழுதி ஒட்டினார்கள். கட்டும் தொகை ஒரு பைசா மாறவில்லை, விற்பனை சுமார் 8 சதவீதம் விழுந்தது. வரி எவ்வளவு என்று கேட்டால் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது அது மனதில் வருவதில்லை, அவ்வளவுதான்.

கண்ணில் படாத வரியால் வாங்குபவர் நகரமாட்டார், நகராதவர் சுமப்பார். என் முதல் குறிப்பிலிருந்த விதியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம்: நகர முடியாதவரோடு, நகர வேண்டும் என்று தோன்றாதவரும் சுமப்பார்.

11 மார்ச், காலை 7:55

பேச்சு சம்பளத்துக்குத் தாவியிருக்கிறது. முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புச் சந்தா உண்மையில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்துதான் போகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். சிலியில் 1980களில் முதலாளிகளின் சந்தா பெரிதாகக் குறைந்தபோது ஜோனதன் குரூபர் பார்த்தார், குறைந்தது முழுவதும் சம்பள உயர்வாகத் தொழிலாளிக்கு வந்திருந்தது. பாடப்புத்தகத்துக்கு வெற்றி.

அப்புறம் கிரேக்கத்தில் 1993 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மட்டும், சம்பளத்தில் எந்த அளவு வரை சந்தா பிடிக்கலாம் என்ற உச்சவரம்பு உயர்ந்தது. ஒரே வேலை, ஒரே காலம், சேர்ந்த தேதி மட்டும் கொஞ்சம் முன்பின். இமானுவேல் ஸாயெஸும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தபோது முதலாளியின் கூடுதல் பங்கை முதலாளியே சுமந்தார், தொழிலாளியின் பங்கைத் தொழிலாளி சுமந்தார். சட்டத்தில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே. ஸ்வீடனில் 2007 முதல் இளைஞர்களுக்கான முதலாளி சந்தாவைக் குறைத்தபோதும் அவர்கள் கைக்கு வந்த சம்பளம் மற்றவர்களைவிட ஏறவில்லை. ஒரே அலுவலகத்தில் வயதைப் பார்த்து இரண்டு சம்பளம் கொடுத்தால் சண்டை வரும், யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் இளைஞர்களுக்கு வேலை கூடியது, இளைஞர்கள் நிறைய இருந்த நிறுவனங்கள் வளர்ந்தன.

நிறுவன லாப வரியிலும் இப்படித்தான். 1962இல் ஆர்னால்ட் ஹார்பெர்கர் அது மூலதனத்தின் மேல்தான் விழுகிறது என்ற முடிவுக்கு வந்தார், அவருடைய கோட்பாட்டு மாதிரியில் மூலதனம் நாட்டை விட்டுப் போக வழியில்லை. ஜெர்மனியில் ஒவ்வொரு நகராட்சியும் தன் விகிதத்தைத் தானே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அது ஆய்வாளர்களுக்குப் பொன்முட்டை. அந்த மாற்றங்களைப் பார்த்து ஃபுவெஸ்ட், பைக்ல், ஸீக்லோஹ் மூவரும் 2018இல் சொன்னது: சுமையில் பாதி தொழிலாளர் சம்பளத்தில் விழுகிறது, அதிலும் திறன் குறைந்த வேலைகளில் இருப்பவர்கள், இளையவர்கள், பெண்கள் மேல் கூடுதலாக.

11 மார்ச், காலை 8:20

'ஆக ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொன்று சொல்கிறது, எதையும் நம்ப முடியாது.' இந்த வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. சிலியில் ஊருக்கெல்லாம் சேர்த்து மாறியது, பணவீக்கம் அதிகமாக இருந்ததால் சம்பளத்தைச் சத்தமில்லாமல் சரிக்கட்ட முடிந்தது. கிரேக்கத்திலும் ஸ்வீடனிலும் பக்கத்து மேஜைக்காரருக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதி. சூழல் வேறு, விடையும் வேறு.

14 மார்ச், இரவு 10:50

கடைசியாக, மந்தக் காலத்தில் அரசு என்ன செய்யலாம் என்ற கேள்வி. பிரிட்டன் 2008 டிசம்பரிலிருந்து பதின்மூன்று மாதம் மதிப்புக் கூட்டு வரியை 17.5 சதவீதத்திலிருந்து 15 ஆக்கியது. ஜெர்மனி 2020இன் இரண்டாம் பாதியில் 19ஐ 16 ஆக்கியது. நோக்கம் வேறு: பிற்பாடு விலை ஏறும் என்று தெரிந்தால் இப்போதே வாங்கிவிடுவார்கள். ஜெர்மனியில் கார், வீட்டுச் சாதனங்கள்போன்ற நீடித்து உழைக்கும் பொருட்களில் இது வேலை செய்தது, அதிலும் விலை உண்மையாகவே இறங்கியிருக்கிறது என்று நம்பியவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். அதே ஜெர்மனி 2005 இறுதியில், 2007 முதல் வரி 16லிருந்து 19 ஆகும் என்று அறிவித்தபோது 2006 முழுவதும் மக்கள் வாங்கத் துடித்தார்கள். ஏற்றப்போகிறேன் என்று சொன்னாலே போதும்போலிருக்கிறது, குறைக்கக்கூட வேண்டாம்.

ஆனால் கஷ்டப்படும் குடும்பத்துக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால் நான் நேரடியாகப் பணம் கொடுக்கும் பக்கம். அமெரிக்கா 2001இல் வரித் தள்ளுபடிக் காசோலைகள் அனுப்பியபோது, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து வரிசையாக அனுப்பினார்கள், யாருக்கு எந்த வாரம் என்பது குலுக்கல்போல ஆனது. அதனால் சுத்தமாக அளக்க முடிந்தது: கிடைத்த மூன்று மாதத்துக்குள் 20 முதல் 40 சதவீதத்தைச் சாப்பாடு, உடைபோன்ற செலவுகளில் போட்டார்கள், கையில் இருப்பு குறைந்தவர்கள் இன்னும் அதிகமாக. பணம் யாருக்கு என்று அனுப்பினார்களோ அவர் கைக்குத்தான் போகிறது, நடுவில் எங்கள் மாதிரிக் கூட்ட அறை கிடையாது. உணவுப் பொருளின் வரியைக் குறைத்தால் வசதியானவர் அதிகம் வாங்குகிறார், தொகையாகப் பார்த்தால் அவருக்குத்தான் அதிகம் போகிறது. ஜேம்ஸ் மிர்லீஸ் தலைமையில் பிரிட்டனில் 2011இல் வந்த பெரிய வரி அறிக்கையும் இந்தக் காரணத்தால்தான் சலுகை விகிதங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு, ஏழைகளுக்கு உதவித்தொகையில் ஈடு செய்யச் சொன்னது.

அரசியலில் அது நடக்கவில்லை. உணவுக்கு வரி போடுங்கள் என்று எந்தக் கட்சி மேடையில் பேசும்.

15 மார்ச், காலை 6:40

வரி குறைக்கும் பொருட்களின் பட்டியலை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டவருக்கு: சிறியதாக, போட்டி இருக்கும் கடைகளில் விற்கும் பொருட்களாக, மாற்றத்துக்கு முந்தைய வார விலையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு. இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. வரி மாறிய பிறகு போய்ப் பழைய விலை என்ன என்று கேட்டால் கடைக்காரர் சொன்னதுதான் விலை.